தேர்வுக்கு ஐந்து வாரம், இரவு இரண்டு மணி வரை தொடர்: ஒரு சட்ட மாணவிக்குப் பதில்

கேள்வி

வணக்கம் மேடம். மதுரையில் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் கடைசி செமஸ்டர் படிக்கிறேன். தேர்வுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. இந்த செமஸ்டர் தாள்களோடு உரிமையியல் நடைமுறைச் சட்டமும் சாட்சியச் சட்டமும் அரியராக நிற்கின்றன. அப்பா ஆட்டோ ஓட்டுகிறார், அம்மா வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்.

வீட்டில் ஒரே கூடம்தான். மாலை ஆறரைக்குத் தொலைக்காட்சியைப் போட்டால் பத்து மணி வரை அம்மாவோடு உட்கார்ந்து தொடர்கள் பார்க்கிறேன். எல்லோரும் தூங்கிய பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு கைபேசியில் அமெரிக்க நீதிமன்றத் தொடர்கள். ஒரு பகுதி மட்டும் என்று ஆரம்பித்து இரவு இரண்டு மணி ஆகிவிடுகிறது. சட்டத் தொடர்தானே, இதுவும் படிப்புதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். செயலியை இரண்டு முறை நீக்கினேன், இரண்டு முறையும் மறுபடி ஏற்றிக்கொண்டேன். பகலில் புத்தகத்தைத் திறந்தால் படித்த பக்கத்தையே திரும்பத் திரும்பப் படிக்கிறேன், எதுவும் மனதில் நிற்கவில்லை. தொலைக்காட்சியை அடியோடு விட்டுவிட வேண்டுமா? இப்படிப்பட்ட நான் வழக்கறிஞர் ஆகத் தகுதியானவள்தானா?

வாசகி, மதுரை

பதில்

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்ற எல்லாவற்றையும் கனமாக்கிக்கொண்டிருப்பது அதுதான். தகுதி உங்களுக்கு இருக்கிறது. ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை, உங்கள் கடிதமே சான்று. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 6, விதி 2-ஐ எடுத்துப் பாருங்கள். வழக்குரையில் முக்கியமான சங்கதிகளைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும், சாட்சியங்களை அதில் கொட்டக்கூடாது என்கிறது. எத்தனை வாரம் மிச்சம், எந்தத் தாள் பாக்கி, வீட்டில் எத்தனை இடம், எந்த நேரத்தில் என்ன பார்க்கிறீர்கள் என்று வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குப் பாதகமான சங்கதியையும் மறைக்கவில்லை. பல ஆண்டுகள் தொழில் செய்தவர்களின் வழக்குரைகளிலும் இந்த ஒழுங்கை நான் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. எந்தத் தாளில் அரியர் வைத்திருக்கிறீர்களோ அந்தத் தாளின் விதி ஒன்றை உங்கள் கை ஏற்கெனவே கடைப்பிடிக்கிறது.

இனி தொலைக்காட்சிக்கு வருகிறேன். மாலையில் அம்மாவோடு பார்ப்பதையும் நள்ளிரவில் தனியாகப் பார்ப்பதையும் ஒரே குற்றப்பத்திரிகையில் சேர்த்துவிட்டீர்கள். அவற்றைத் தனித்தனியாக விசாரிக்க வேண்டும். மாலைத் தொடருக்கு ஒரு முடிவு நேரம் இருக்கிறது, பக்கத்தில் ஓர் ஆள் இருக்கிறார், பேச்சு இருக்கிறது, விளம்பர இடைவேளையில் எழுந்து தண்ணீர் குடிக்கலாம். நள்ளிரவுத் தொடருக்கு இவை எதுவும் இல்லை. ஒரு பகுதி முடிந்ததும் அடுத்தது தானாகவே ஓடத் தொடங்குகிறது. நிறுத்துவதற்கு நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும், அதுவும் முடிவெடுக்கும் திறன் மிகவும் தளர்ந்திருக்கும் நேரத்தில்.

ஒன்று கேட்கிறேன், உங்களுக்குள்ளேயே பதில் சொல்லிக்கொள்ளுங்கள். எந்தெந்த நாட்களில் இரண்டு மணி வரை போனது? உரிமையியல் நடைமுறைச் சட்டத்தைக் கையில் எடுத்த நாட்களாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். கல்லூரியில் பாடம் எடுக்கும் காலத்திலும், அலுவலகத்துக்கு வரும் ஜூனியர்களிடமும் இதைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். ஏற்கெனவே தோற்ற தாளைத் திறக்கும்போது அந்தத் தோல்வியும் கூடவே திறந்துகொள்கிறது. படித்தது நினைவில் இல்லை என்று அன்று மாலைக்குள் தெரிந்துவிடுகிறது. அந்த நினைப்போடு இருட்டில் படுத்திருக்க முடியாமல்தான் கை கைபேசிக்குப் போகிறது. அங்கே யாரோ ஒரு வழக்கறிஞர் தடுமாறாமல் வாதாடி ஜெயிக்கிறார். உங்களுக்கு அன்று கிடைக்காதது அவருக்குக் கிடைக்கிறது. செயலியை நீக்கியும் பலனில்லாமல் போனதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். பயம் அப்படியே இருக்க, அதற்கான மருந்தை மட்டும் எடுத்துவிட்டீர்கள். ஆகவே பகலில் நீங்கள் படிக்கும் முறையைத்தான் முதலில் மாற்ற வேண்டும். அது மாறினால் இரவு பாதி தானாகவே சரியாகும்.

அதற்கு முன்பு, "சட்டத் தொடரும் படிப்புதானே" என்ற வாதத்தைத் தீர்த்துவிடுவோம். உங்களைச் சட்டத்தின் பக்கம் இழுத்தது ஒரு தொடராக இருந்தால் அதற்கு நன்றி சொல்லுங்கள். தேர்வுக்கு ஐந்து வாரம் இருக்கும்போது அது உங்களுக்குக் கெடுதல் செய்கிறது. நேரத்தைத் தின்பதோடு தவறான சட்டத்தையும் மனதில் பதிக்கிறது. விடைத்தாள் திருத்தும்போது கைது பற்றிய கேள்விக்கு 1966-ஆம் ஆண்டின் அமெரிக்க மிராண்டா தீர்ப்பை மட்டும் விரிவாக எழுதிவிட்டு நம் அரசியலமைப்பின் 20(3), 22(1) கூறுகளைத் தொடாமலே போன விடைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த மாணவர் நந்தினி சத்பதி வழக்கைப் படித்திருந்தால், 1978-லேயே நம் உச்ச நீதிமன்றம் மௌனம் காக்கும் உரிமையைப் பற்றி எவ்வளவு ஆழமாகப் பேசியிருக்கிறது என்று தெரிந்திருக்கும். கைதின்போது காவல்துறை கடைப்பிடிக்க வேண்டியவற்றை 1996 டிசம்பரில் வந்த டி.கே. பாசு தீர்ப்பு வரிசையாகச் சொல்கிறது. மாணவர் சோம்பேறி இல்லை. நள்ளிரவில் பார்த்தது மேலே மிதந்தது, பகலில் படித்தது அடியில் தங்கிவிட்டது, அவ்வளவுதான்.

அந்தத் தொடர்களில் நீங்கள் ரசிக்கும் காட்சிகளை நம் நீதிமன்றத்தோடு வைத்துப் பாருங்கள். அங்கே ஜூரி, அதாவது முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு, அமர்ந்திருக்கிறது. இங்கே 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் வந்தபோது ஜூரி முறைக்கு இடமில்லாமல் போனது. அங்கே வழக்கறிஞர் எழுந்து நின்று தன் தரப்புச் சாட்சியிடம் உருக்கமாகக் கேள்வி கேட்கிறார். இங்கே உரிமையியல் வழக்கில், தன் தரப்புச் சாட்சியை விசாரிக்கும் முதல் விசாரணையே பிரமாண வாக்குமூலமாக, எழுத்தில் வந்துவிடுகிறது. கட்டளை 18, விதி 4 அதைத்தான் சொல்கிறது, உங்கள் அரியர் தாளில் அடிக்கடி கேட்கப்படும் இடமும் அது. தன் சாட்சிக்கே பதிலை ஊட்டிவிடும் கேள்வியை எதிர்த் தரப்பு ஆட்சேபித்தால், நீதிமன்றத்தின் அனுமதியில்லாமல் முதல் விசாரணையில் கேட்க முடியாது. குறுக்கு விசாரணையில் கேட்கலாம். அங்கே கடைசி நிமிடத்தில் ஒரு ரகசிய ஆவணம் வந்து வழக்கையே புரட்டிப் போடுகிறது. இங்கே வாதி தான் நம்பும் ஆவணங்களை வழக்குரையோடு தாக்கல் செய்ய வேண்டும். குற்ற வழக்கில் காவல்துறை அறிக்கையும் ஆவணங்களும் எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, முன்கூட்டியே நகலாகத் தரப்பட வேண்டும். திடீர்த் திருப்பங்களுக்கு இடம் வைக்காமல் இருப்பதுதான் நம் நடைமுறைச் சட்டத்தின் பெருமை. தனக்கு எதிராக என்ன இருக்கிறது என்று ஏழை எதிரிக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. தாளில் எழுதும்போது இந்தக் காரணத்தோடு எழுதுங்கள்.

நிஜ நீதிமன்றத்தைத் திரையில் பார்க்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் அதற்கு வழி இருக்கிறது. அந்த வழியைத் திறந்ததில் உங்களைப் போன்ற ஒரு மாணவருக்குப் பங்கு உண்டு. உச்ச நீதிமன்ற விசாரணைகளை நேரலையில் ஒளிபரப்பலாம் என்று 2018 செப்டம்பர் 26-ஆம் தேதி வந்த தீர்ப்பின் பெயர் ஸ்வப்னில் திரிபாதி வழக்கு. வழக்குத் தொடுத்தபோது அவர் சட்ட மாணவர். அரசியலமைப்பு அமர்வுகளின் நேரலை 2022 செப்டம்பர் 27 முதல் தொடங்கியது. வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம் அதைப் பாருங்கள். வழக்கறிஞர் ஒரு பக்கத்தைத் திறக்கச் சொல்லிக் காத்திருப்பதையும், நீதிபதி நடுவில் கேட்கும் ஒரு கேள்வி வாதத்தின் திசையையே மாற்றுவதையும் கவனியுங்கள். பின்னணி இசை இல்லாததால் முதலில் சலிப்பாக இருக்கும். சற்று நேரத்தில் பழகிவிடும். தேர்வு முடிந்ததும் மதுரை மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய் ஏதாவது ஒரு விசாரணை நீதிமன்றத்தில் பின் வரிசையில் உட்காருங்கள். நீதிமன்றம் பொதுமக்களுக்குத் திறந்த இடம் என்பதை உரிமையியல், குற்றவியல் நடைமுறைச் சட்டங்கள் இரண்டும் சொல்கின்றன.

இந்த இடத்தில் சொல்லாமல் போக மனம் வராத ஒன்று. தொலைக்காட்சியே உங்கள் அரசியலமைப்புச் சட்டப் பாடத்துக்குள் இருக்கிறது. 1993-இல் ஒரு கிரிக்கெட் போட்டியை யார் ஒளிபரப்புவது என்று வங்காளக் கிரிக்கெட் சங்கத்துக்கும் மத்திய அரசுக்கும் இடையே எழுந்த சண்டையில்தான், வானலைகள் பொதுச் சொத்து என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தகவலைப் பெறும் உரிமையும் 19(1)(அ) கூறுக்குள் அடங்கும் என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. பிரிவினைக் கலவரங்களைப் பற்றிய ஒரு தூர்தர்ஷன் தொடரைத் தடுக்கச் சொல்லி வந்த மனுவை 1988-இல் அதே நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. எதிலும் ஆபத்தைக் காணும் பலவீனமான மனங்களை வைத்து ஒரு படைப்பை அளக்கக் கூடாது, உறுதியான, நியாயமான மனிதரின் பார்வையில் அளக்க வேண்டும் என்று அந்த ரமேஷ் வழக்கில் சொல்லப்பட்டது. இந்த இரண்டு வழக்குகளையும் நீங்கள் மறக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

அம்மாவோடு பார்க்கும் தொடர்களை அடியோடு விடச் சொல்ல மாட்டேன். நாள் முழுவதும் தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருக்கும் ஒரு பெண்ணுக்கு அந்த மாலை நேரம்தான் மகளோடு உட்காரும் நேரம். அதை முழுவதும் பறித்தால் உங்களுக்குக் குற்ற உணர்வு வரும், அந்தக் குற்ற உணர்வும் புத்தகத்துக்கு நடுவில் வந்து உட்காரும். மூன்றரை மணி நேரம் மட்டும் அதிகம். ஒரே ஒரு தொடரைத் தேர்ந்தெடுங்கள், இருவருக்கும் மிகவும் பிடித்ததை. அந்த நேரத்தில் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பாதிக் கண்ணால் பார்க்க வேண்டாம். முழுமையாகப் பாருங்கள், முடிந்ததும் எழுந்துவிடுங்கள். எந்தத் தொடர் என்பதை அம்மாவிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். தேர்வு முடியும் வரை மற்ற நேரம் ஒலியைக் குறைத்து வைக்கவோ, மறுநாள் மறுஒளிபரப்பில் பார்த்துக்கொள்ளவோ அவர் ஒத்துக்கொள்வார். உங்கள் வீட்டில் இதற்கு முன் யாரும் செமஸ்டர் தேர்வு எழுதியதில்லை. ஐந்து வாரத்தில் என்ன நடக்கப்போகிறது, எத்தனை தாள், எந்தத் தேதி என்று நீங்கள் உட்கார்ந்து விளக்கினால்தான் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தெரியும். அரியர் இருப்பதை மறைத்து வைத்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். மறைத்து வைக்க எவ்வளவு தெம்பு செலவாகிறது என்று சொன்ன பிறகுதான் உணர்வீர்கள்.

அந்தத் தொடரிலிருந்தே உங்களுக்குப் பாடமும் கிடைக்கும், மறுநாள் காலையில். நம் தொடர்களின் கதைகளில் பாதி குடும்பச் சொத்துச் சட்டம்தான். மருத்துவமனைப் படுக்கையில் பெரியவரின் கைநாட்டை வாங்கிவிட்டு வீடு முழுவதும் எனக்கே என்று மூத்த மகன் உயிலைக் காட்டுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அதை ஒரு பிரச்சினை வினாவாக எழுதுங்கள். இந்திய வாரிசுரிமைச் சட்டம் பிரிவு 63-இன்படி இரண்டு சாட்சிகள் சான்றொப்பம் இட்டார்களா? நீதிமன்றத்தில் அந்த உயிலை நிரூபிக்க அவர்களில் ஒருவரையாவது விசாரிக்க வேண்டுமே, பழைய சாட்சியச் சட்டத்தில் பிரிவு 68, இன்றைய பாரதிய சாக்ஷிய அதினியத்தில் பிரிவு 67. சாட்சி உயிரோடு இருக்கிறாரா? பெரியவர் சுயநினைவோடு இருந்தார் என்பதை யார் சொல்வது? அந்த வீடு பூர்வீகச் சொத்து என்றால் மகளின் பங்கு என்ன? மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை தரும் திருத்தத்தைத் தமிழ்நாடு 1989-லேயே கொண்டுவந்தது. அப்போது ஏற்கெனவே திருமணமான மகள்களுக்கு அது பொருந்தவில்லை. 2005-இல் வந்த மத்தியத் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று 2020-இல் வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு தெளிவாக்கியது. காணாமல் போன கணவர் ஏழு ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தால் சாட்சியச் சட்டத்தின் பழைய பிரிவு 108, புதிய பிரிவு 111. மிரட்டி வாங்கிய கையெழுத்து என்றால் ஒப்பந்தச் சட்டத்தின் 15, 16, 19 பிரிவுகள். அம்மாவிடம் கேளுங்கள், "அந்த உயில் செல்லுமா?" என்ற கேள்வி அவருக்கும் நிச்சயம் இருக்கும். அவருக்குப் புரியும்படி நீங்கள் சொல்ல முடிந்தால் விடைத்தாளில் எழுதவும் முடியும். எழுதினால்தான் கணக்கில் சேரும், மனதுக்குள் நினைத்துக்கொண்டு போனது படிப்பு ஆகாது.

எழுதுவதைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், என் பதிலில் முக்கியமான பகுதி இதுதான். ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தும் நிற்கவில்லை என்கிறீர்கள். நிற்காது. படிக்கப் படிக்கப் பக்கம் பழகிவிடுகிறது, பழகியதை நாம் தெரிந்ததாக எடுத்துக்கொள்கிறோம். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களில் ஒரு சாராரை ஒரு பகுதியை மீண்டும் படிக்கச் சொன்னார்கள். இன்னொரு சாராரைப் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. உங்கள் அம்மா இதை வேறு விதமாக அறிவார். பிறர் தைத்த சட்டையை எத்தனை முறை புரட்டிப் பார்த்தாலும் கழுத்து வெட்டும் கை வந்துவிடாது, தைத்துப் பிரித்துத் தைத்தால்தான் வரும்.

ஆகவே நாளைக் காலை முதல் இப்படிச் செய்யுங்கள். பேர் ஆக்ட்டில், அதாவது உரை எதுவும் சேராத மூலச் சட்டப் புத்தகத்தில், ஒரு பிரிவை, அதன் விளக்கங்களோடும் விதிவிலக்குகளோடும், நிதானமாக ஒரு முறை படியுங்கள். கைடுக்கு உடனே ஓட வேண்டாம். புத்தகத்தை மூடுங்கள். வெள்ளைத்தாளில் அந்தப் பிரிவின் கூறுகளை எழுதுங்கள், ஒரு வழக்கின் பெயரையும் அது என்ன தீர்த்தது என்பதையும் எழுதுங்கள், ஓர் எடுத்துக்காட்டை நீங்களே உருவாக்குங்கள். பிறகு திறந்து சரிபார்த்து, விட்டதைச் சிவப்பு மையில் சேருங்கள். முதல் சில நாட்கள் தாள் முழுவதும் சிவப்பாகத்தான் இருக்கும். அந்தச் சிவப்பைப் பார்க்கும்போதுதான் கைபேசியைத் தேடத் தோன்றும். அந்த நொடியில் எழுந்து வாசலுக்குப் போய்விட்டு வந்து இன்னொரு பிரிவை எழுதுங்கள். மறுநாளும் வார இறுதியிலும் அதே பிரிவை மறுபடி எழுதிப் பார்த்தால் சிவப்பு குறைவதை நீங்களே காண்பீர்கள். முந்தைய ஆண்டு வினாத்தாள்களைக் கல்லூரி நூலகத்தில் வாங்கி, வாரத்துக்கு ஒரு தாளையாவது நேரம் வைத்து முழுமையாக எழுதுங்கள்.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 158 பிரிவுகளும் 51 கட்டளைகளும் இருக்கின்றன. வரிசையாக மனப்பாடம் செய்யப் போனால் யாருக்கும் மூச்சு முட்டும். ஒரே ஒரு வழக்கை எடுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே நடந்து போங்கள். மேலே சொன்ன மகள் பாகப்பிரிவினை கேட்டு வழக்குப் போடுகிறாள் என்று வையுங்கள். நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டா என்பதற்குப் பிரிவு 9, எந்த ஊர் நீதிமன்றம் என்பதற்கு 15 முதல் 20 வரை. வழக்குரைக்குக் கட்டளை 7, அதைத் தொடக்கத்திலேயே நிராகரிக்கச் சொல்லி அண்ணன் மனுப் போட்டால் அதே கட்டளையின் விதி 11. அழைப்பாணைக்குக் கட்டளை 5, எதிர்வழக்குரைக்குக் கட்டளை 8, அதற்கான முப்பது நாள், நீட்டித்தால் தொண்ணூறு நாள். அண்ணன் வராமல் போனால் கட்டளை 9. அவன் வீட்டை விற்க முயன்றால் கட்டளை 39-இன் இடைக்காலத் தடை. எழுவினாக்களுக்குக் கட்டளை 14, சாட்சியத்துக்குக் கட்டளை 18, தீர்ப்புக்குக் கட்டளை 20. தோற்றவன் மேல்முறையீடு செய்தால் பிரிவு 96, அதற்கும் மேலே போனால் பிரிவு 100. ஜெயித்தவளுக்கு வீடு கையில் வரும் வரை கட்டளை 21. இதே பிரச்சினையை அவன் இன்னொரு வழக்காகக் கொண்டுவந்தால் பிரிவு 11, ரெஸ் ஜூடிகேட்டா. ஒரு பெரிய அட்டையில் இந்தப் பாதையை வரைந்து தையல் இயந்திரத்துக்கு மேலே உள்ள சுவரில் ஒட்டுங்கள். பார்க்கிறவர்கள் கேட்பார்கள், நீங்கள் சொல்லச் சொல்ல நிற்கும்.

சாட்சியச் சட்டத்தில் உங்கள் தலைமுறைக்குக் கூடுதல் சுமை விழுந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2024 ஜூலை 1 முதல் மூன்று புதிய சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 167 பிரிவுகளின் இடத்தில் 170 பிரிவுகள் கொண்ட பாரதிய சாக்ஷிய அதினியம் வந்திருக்கிறது. தீர்ப்புகள் எல்லாம் பழைய எண்களில் இருக்கின்றன. இதற்குப் பயப்பட வேண்டியதில்லை, கொள்கைகள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. உங்கள் கையாலேயே இரண்டு பத்திகளில் ஒரு பட்டியல் எழுதுங்கள். காவல் அதிகாரியிடம் தந்த ஒப்புதலையும் அதன் வழியே கண்டெடுத்த பொருளையும் பேசும் பழைய 25, 27 இரண்டும் இப்போது 23-க்குள் இருக்கின்றன. மரண வாக்குமூலத்தின் 32 இப்போது 26. மின்னணு ஆவணத்தின் 65பி இப்போது 63. சாட்சியின் முந்தைய எழுத்து வாக்குமூலத்தைக் காட்டி முரண்படுத்தும் 145 இப்போது 148, பிறழ்சாட்சியின் 154 இப்போது 157. ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு வழக்கு போதும். 27-க்கு பிரிட்டிஷ் காலத்து மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலின் கோட்டய்யா தீர்ப்பு, 65பி-க்கு 2020-இன் அர்ஜுன் பண்டித்ராவ் தீர்ப்பு. பட்டியலை அச்சில் வாங்காமல் நீங்களே தயாரிப்பதில்தான் பலன் இருக்கிறது.

இரவுக்கு என் ஆலோசனை மிகச் சுருக்கமானது. பதினொரு மணிக்குள் தூங்குங்கள். பகலில் எழுதிப் பார்த்தது நினைவில் நிலைப்பதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. இரண்டு மணிக்குப் படுத்து ஏழு மணிக்கு எழுந்தால் அந்த வேலை பாதியில் நிற்கிறது. கைபேசியைப் படுக்கைக்குக் கொண்டுபோகாதீர்கள். அப்பாவின் தலைமாட்டில் மின்னேற்றம் செய்யப் போட்டுவிடுங்கள், எழுப்புவதற்குச் சாதாரண அலாரம் கடிகாரம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். செயலியை மூன்றாவது முறை நீக்கி உங்களோடு நீங்களே சண்டை போட வேண்டாம். அடுத்த பகுதி தானாக ஓடும் வசதியை அமைப்புகளில் அணைத்துவிட்டு, ஞாயிறு மதியம் ஒரு பகுதி பார்த்துக்கொள்ளுங்கள். இடையில் ஒரு நாள் வழி தவறி இரவு ஒரு மணி ஆகிவிட்டால், அந்த வாரமே போய்விட்டது என்று கைவிட்டுவிடாதீர்கள். மறுநாள் காலை ஒரு பிரிவை எழுதுங்கள், போதும்.

மாலையில் கூடத்தில் இடமில்லை என்றால் நத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் உங்கள் ஊரில் இருக்கிறது. கல்லூரி முடிந்ததும் நேராக அங்கே போய் எழுதிவிட்டு அம்மாவின் அந்த ஒரு தொடர் நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். வழக்கறிஞராகத் தொழில் செய்ய அகில இந்திய வழக்கறிஞர் தேர்வு இருக்கிறது, நூறு கொள்குறி வினாக்கள். குறிப்பெழுதாத பேர் ஆக்ட்டைக் கையில் வைத்துக்கொள்ள அங்கே அனுமதி உண்டு. இந்த ஐந்து வாரத்தில் பேர் ஆக்ட்டோடு பழகிவிட்டால் அந்தத் தேர்வுக்கான பாதி வேலையும் முடிந்திருக்கும்.

கடைசியாக, உடனே செய்ய வேண்டிய ஒன்று. உங்கள் சாட்சியச் சட்ட அரியரை எந்தப் பாடத்திட்டத்தில் எழுதப்போகிறீர்கள், 1872-ஆம் ஆண்டுச் சட்டமா, 2023-ஆம் ஆண்டுச் சட்டமா? அரியர் மாணவர்கள் பலர் இதை வதந்தியாகக் கேட்டு வைத்துக்கொண்டு தேர்வறையில் திகைக்கிறார்கள். நாளைக்கே கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள், பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவின் சுற்றறிக்கையைக் கண்ணால் பாருங்கள், அதன் நகல் ஒன்றை வாங்கி நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவிட்டுப் பிறகு படிக்கத் தொடங்குங்கள்.